டவர் வரையறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: இங்க யாரு, எப்போ தூங்குவாங்க?

வாலாஜாபாத் பக்கம் இருக்கறவங்களுக்கு இது தினமும் பார்க்கிற காட்சிதான். விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஒரகடம் நோக்கிப் போகும். கொஞ்ச நேரத்தில் நைட் ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு இன்னொரு வரிசை திரும்பி வரும். நாம காலேஜுக்குக் கிளம்பும்போது அவங்க படுக்கப் போறாங்க. இந்த ஊரில் 24 மணி நேரமும் யாரோ ஒருத்தர் தூங்கிட்டுதான் இருக்காங்க.

எனர்ஜி எஃபிஷியன்ட் பில்டிங் என்றாலே நம்ம ரிவ்யூ பி.பி.டி.யில் முதல் ஸ்லைடு சோலார் பேனல், கடைசி ஸ்லைடு பச்சை இலை. நடுவில் கணக்கே இருக்காது. இந்தக் கட்டுரையில் கணக்கை மட்டும் பார்க்கப் போகிறோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் கீழே கடை, மேலே குடியிருப்பு என்று ஒரு பத்து மாடி டவர் கட்டினால், அதில் மின்சாரம் எங்கே மிச்சமாகும்? சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், கால்குலேட்டர் போதும். சிவில் இல்லாதவங்களும் படிக்கலாம், பிளஸ் டூ கணக்குக்கு மேல எதுவும் இல்ல.

1. முதலில், ஏன் உயரமா கட்டணும்?

நம்ம பக்கத்துலயே பெரிய உதாரணம் இருக்கு. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில், வல்லம் வடகால் சிப்காட்டில், பெண் தொழிலாளர்களுக்காகத் தமிழக அரசு கட்டிய குடியிருப்பு. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் திறந்து வைத்தார். 20 ஏக்கர், 13 பிளாக், பிளாக்குக்குப் பத்து மாடி, மொத்தம் 18,720 பேர் தங்கலாம், செலவு 706.50 கோடி ரூபாய். ஃபாக்ஸ்கானில் வேலை செய்யும் பெண்களுக்காகக் கட்டியது.

இது திடீரென்று வந்த யோசனை இல்லை. 2021 டிசம்பரில் ஒரு தனியார் விடுதிச் சாப்பாட்டால் அந்தத் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் பலர் உடல்நிலை கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அவர்களுடன் வேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். தொழிலாளி வேலை முடிந்து எங்கே போய்ப் படுக்கிறார் என்ற கேள்வி அப்போதுதான் எல்லோர் காதிலும் விழுந்தது.

இப்போ ஒரு சின்ன வகுத்தல். 20 ஏக்கர் என்றால் சுமார் 80,900 சதுர மீட்டர். அதை 18,720 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 4.3 சதுர மீட்டர் நிலம். இரண்டு கட்டில் போட்டால் முடிந்தது. அவ்வளவு நிலத்தில் இத்தனை பேர் இருக்கணும்னா மேலே போறதைத் தவிர வழி இல்லை. 706.50 கோடியைப் பிரித்தால் ஒரு படுக்கைக்குச் சுமார் 3.77 லட்சம். இந்தப் பணத்தில் கிடைக்கும் அறை தூங்கத்தக்க அறையா இருக்கணும் என்பதுதான் டிசைன் பண்ணுறவங்க பொறுப்பு.

2. மொட்டைமாடி சோலார் போதுமா?

18,720-ஐ 13-ஆல் வகுத்தால் பிளாக்குக்கு 1,440 பேர். அறைக்கு ஆறு பேர் என்றால் 240 அறை. இனி வருவது என் அனுமானம், அந்தக் கட்டடத்தின் அளவு இல்லை: பாத்ரூம், காரிடார் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாடியில் மாடிக்கு 144 பேர். அப்போ ஒரு மாடியின் பரப்பு 1,440 சதுர மீட்டர். மொட்டைமாடியும் அவ்வளவே.

அதில் ஓவர்ஹெட் டேங்க், லிஃப்ட் ரூம், நடக்க வழி போக பாதி கிடைக்கும்: 720 சதுர மீட்டர். ஒரு கிலோவாட் பேனலுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் தேவை. ஆக 72 கிலோவாட். நம்ம ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மொத்தம் 288 யூனிட். 1,440 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஒரு நாளைக்கு 0.2 யூனிட்.

அந்த 0.2 யூனிட்டை எதோடு ஒப்பிடலாம்?

- அறைக்கு இரண்டு சாதாரண ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட், 16 மணி நேரம்: 2.4 யூனிட். ஆளுக்கு 0.4.
- அதே இரண்டும் பி.எல்.டி.சி. ஃபேனாக இருந்தால், ஒவ்வொன்றும் 30 வாட்: 0.96 யூனிட். ஆளுக்கு 0.16.
- ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீரை 40 மீட்டர் மேலே ஏற்ற, பம்ப்செட் திறன் 50 சதவீதம் என்றால்: 0.03 யூனிட்.
- அறைக்கு ஒரு ஏ.சி., நாளைக்கு 8 யூனிட் இழுத்தால்: ஆளுக்கு 1.3 யூனிட்.

கவனிச்சீங்களா? சாதாரண ஃபேன் போட்டால் மொட்டைமாடி முழுக்கப் பேனல் வைத்தும் ஃபேனுக்கே பத்தாது. பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் ஃபேனும் மோட்டாரும் 0.2-க்குள் அடங்கிவிடும். ஆனா ஏ.சி. வந்துட்டா ஏழு மொட்டைமாடி வேணும்.

தனி வீட்டில் இந்தப் பிரச்சினை இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு மொட்டைமாடி முழுசா கிடைக்கும். டவரில் மாடி ஏற ஏற ஆள் கூடும், கூரை கூடாது. அதனால் டவரின் எனர்ஜியை முடிவு செய்யும் கேள்வி, அந்த அறைக்கு ஏ.சி. தேவைப்படுமா படாதா என்பதுதான். அதுக்குப் பதில் சுவரிலும் ஜன்னலிலும் இருக்கு.

3. சுவர் எவ்வளவு வெயிலை உள்ளே விடுது?

இதுக்கு இந்தியாவில் ஒரு கோட் இருக்கு: எக்கோ நிவாஸ் சம்ஹிதா. மத்திய அரசின் பி.இ.இ. நிறுவனம் தயாரித்தது. அதாங்க, ஃபிரிட்ஜில் ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டுறவங்க. முதல் பகுதி 2018 டிசம்பர் 14, தேசிய எரிசக்தி சேமிப்பு நாளில் வெளியானது. கூரையைத் தவிர்த்து, கட்டடத்தின் வெளிச் சுவரும் ஜன்னலும் சேர்ந்து சராசரியாக எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடுகின்றன என்பதற்கு ஒரு எண் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஆர்.இ.டி.வி. சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக்கூடாது.

கணக்கு மூன்று துண்டு.

1. சுவர் வழியாக வரும் வெப்பம்: சுவர்ப் பரப்பு × யு-வேல்யூ × திசை எண், இதைக் கூட்டி 5.15-ஆல் பெருக்கணும்.
2. கண்ணாடி சூடாகி உள்ளே கடத்துவது: கண்ணாடிப் பரப்பு × யு-வேல்யூ × திசை எண், இதை 1.31-ஆல் பெருக்கணும்.
3. கண்ணாடி வழியாக நேரே நுழையும் வெயில்: கண்ணாடிப் பரப்பு × எஸ்.எச்.ஜி.சி. × திசை எண், இதை 65.21-ஆல் பெருக்கணும்.

மூன்றையும் கூட்டி மொத்த வெளிப்பரப்பால் வகுத்தால் ஆர்.இ.டி.வி. வந்துவிடும். யு-வேல்யூ என்றால் அந்தப் பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்ற அளவு. எஸ்.எச்.ஜி.சி. என்றால் கண்ணாடி மேல் விழும் வெயிலில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்ற அளவு. பெருக்கும் எண்கள் மூன்றும் நம்ம மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிக்கானவை. மூன்றாவது எண் எவ்வளவு பெரிசுன்னு பாருங்க. கண்ணாடிக்கு வெயில் படறதுதான் நம்ம முதல் எதிரி.

திசை எண்கள், நம்ம அட்சரேகைக்கு: வடக்கு 0.659, தெற்கு 0.966, கிழக்கு 1.155, மேற்கு 1.156. வடக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். வீடு பார்க்கப் போனா 'வாசல் எந்தப் பக்கம்?'னு கேட்காதவங்க நம்ம ஊர்ல கிடையாது. ஜன்னல் எந்தப் பக்கம்னு யாரும் கேட்கறதில்லை!

4. கட்டடத்தைத் திருப்பி வைத்தால் என்ன ஆகும்?

ஒரு மாதிரி டவர் எடுத்துக்கலாம். 60 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 30 மீட்டர் உயரம். நீளமான முகங்கள் இரண்டும் தலா 1,800 சதுர மீட்டர், குறுகிய முகங்கள் தலா 450. மொத்த வெளிப்பரப்பு 4,500. நீளமான முகங்களில் 20 சதவீதம் ஜன்னல், அதாவது 720 சதுர மீட்டர். குறுகிய முகங்களில் ஜன்னல் இல்லை. சாதாரணக் கண்ணாடி: யு-வேல்யூ 5.8, எஸ்.எச்.ஜி.சி. 0.82. சுவர் 9 இன்ச் செங்கல், இரண்டு பக்கமும் பூச்சு: யு-வேல்யூ சுமார் 2.0.

நீளமான முகங்கள் கிழக்கு, மேற்கு பார்த்தால்: சுவர் 41,800, கண்ணாடி கடத்துவது 6,320, நேர் வெயில் 44,490. கூட்டி 4,500-ஆல் வகுத்தால் 20.6. ஃபெயில்.

அதே கட்டடம், அதே செங்கல், அதே கண்ணாடி. 90 டிகிரி திருப்பி நீளமான முகங்களை வடக்கு, தெற்கு பார்க்க வைத்தால்: சுவர் 34,810, கண்ணாடி 4,440, நேர் வெயில் 31,280. வகுத்தால் 15.7.

ஒரு ரூபாய் செலவில்லாமல் கிட்டத்தட்ட கால்வாசி வெப்பம் குறைந்துவிட்டது. பிளானைத் திருப்பினதுதான் செலவு. இன்னும் சில மாற்றங்கள், எல்லாம் வடக்கு–தெற்கு நிலையில்:

- ஜன்னலுக்குச் சன்ஷேட் போட்டு, எஸ்.எச்.ஜி.சி. 0.82-லிருந்து 0.60-க்கு இறங்கினால்: 13.8. பாஸ். (சன்ஷேட் எவ்வளவு குறைக்கும் என்பதற்குக் கோடிலேயே டேபிள் இருக்கு. நான் ஒரு எண்ணை வைத்துக் காட்டுகிறேன்.)
- சன்ஷேட் இல்லாமல் சுவரை மட்டும் 200 மி.மீ. ஏ.ஏ.சி. பிளாக்காக மாற்றினால், யு-வேல்யூ 0.76: 10.9.
- சுவரை 150 மி.மீ. ஆர்.சி.சி.யாகவே வார்த்தால், யு-வேல்யூ 3.8: 22.6.

கடைசி வரிதான் இன்னைக்கு முக்கியம். பெரிய குடியிருப்புகளில் இப்போ மைவான் மாதிரி அலுமினிய ஷட்டரிங்கில் சுவர், ஸ்லாப் எல்லாத்தையும் ஒரே தடவையில் கான்கிரீட்டாக வார்க்கிறார்கள். வேகமா முடியும், கொத்தனார் வேலை குறையும். ஆனா அந்தச் சுவருக்கு வெளியே இன்சுலேஷன் எதுவும் கொடுக்காவிட்டால், திசை சரியாக இருந்தும் ஃபெயில்தான். வேகத்தில் மிச்சம் பிடித்த காசை அங்கே தங்குறவங்க கரண்ட் பில்லில் கட்டுவாங்க.

கிழக்கு–மேற்கு நிலையிலேயே ஏ.ஏ.சி. போட்டால்? 14.8. மயிரிழையில் பாஸ். பேப்பரில் பாஸ் ஆன அந்தக் கட்டடத்தில் படுக்கிறவருக்கு என்ன ஆகும் என்பதை ஏழாவது பகுதியில் பார்ப்போம்.

இன்னொரு விஷயம். வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வரும் மாநில நெடுஞ்சாலையை மேப்பில் பாருங்க. வளைவுகளை விட்டுவிட்டால் மொத்தத்தில் கிழக்கிலிருந்து மேற்காக, கொஞ்சம் தெற்கே சாய்ந்து வருது. சாலைக்கு இணையாக நீளவாக்கில் டவரை நிறுத்தினால் அறைகள் ஏறக்குறைய வடக்கும் தெற்கும் பார்க்கும். இந்தச் சாலையில் சரியான திசை சும்மாவே கிடைக்குது.

5. சன்ஷேட் எவ்வளவு நீட்டணும்?

வாலாஜாபாத் சுமார் 12.8 டிகிரி வடக்கில் இருக்கு. மூன்று நிலைகளைக் கணக்குப் போடலாம். ஜன்னல் உயரம் 1.2 மீட்டர்.

தெற்கு: டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் 54 டிகிரி உயரத்தில். முழு ஜன்னலுக்கும் நிழல் விழ 1.2 ÷ டான் 54 = 0.87 மீட்டர் நீட்டணும். இரண்டு அடி, அதாவது 60 செ.மீ. நீட்டினாலே மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிடும். அது மார்கழி வெயில்தானே, பரவாயில்லை.

வடக்கு: ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். கத்திரி வெயில் காலத்தில் நண்பகல் வெயில் வடக்குச் சுவரில்தான் படும் என்று சொன்னால் நிறைய பேர் நம்ப மாட்டாங்க. ஆனா ஜூன் 21-லும் அது 79 டிகிரி உயரத்தில் இருப்பதால் 23 செ.மீ. சன்ஷேட் போதும். காலை, மாலை சாய்வு வெயிலுக்கு ஜன்னலின் இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சின்னத் தடுப்பு வேணும்.

மேற்கு: மார்ச் 21 அன்று மாலை 4 மணி வாக்கில் வெயில் சுமார் 29 டிகிரியில் நேரே உள்ளே வரும். 1.2 ÷ டான் 29.4 = 2.1 மீட்டர். ஏழடி சன்ஷேட் யார் போடுவா? 5 மணிக்கு அதுவும் பத்தாது.

அதனால் மேற்கில் அறையையே வைக்காதீங்க. படிக்கட்டு, லிஃப்ட், பாத்ரூம், துணி துவைக்கும் இடம், ஸ்டோர் ரூம் எல்லாம் கிழக்கு, மேற்கு ஓரங்களுக்குப் போகட்டும். அவை வெயிலை வாங்கிக்கொள்ளும். துணியும் காயும்.

மனை அப்படித்தான் அமைஞ்சிருக்கு, வேற வழியே இல்லைன்னா? மும்பையில் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1983-ல் முடிந்த காஞ்சன்ஜங்கா அபார்ட்மென்ட்ஸைப் பாருங்க. 28 மாடி. கடல் காற்றும் காட்சியும் அங்கே கிழக்கு–மேற்கில்தான். கடும் வெயிலும் மழைச் சாரலும் அதே பக்கம். அவர் என்ன செய்தார் என்றால், மூலைகளில் இரண்டு மாடி உயரத்துக்குத் தோட்டத் திண்ணையை உள்ளே தள்ளி வைத்தார். வெயிலும் மழையும் முதலில் அந்தத் திண்ணையில் படும், அறை அதற்குப் பின்னால் இருக்கும். நம்ம பழைய வீட்டுத் தாழ்வாரம் செய்த வேலையைத்தான் அது மாடிக்கு மாடி செய்யுது.

6. கட்டடம் மூச்சு விடணும்

இதுவரை வெப்பத்தை வெளியே நிறுத்தினோம். ஆறு பேர் தூங்கும் அறையில் உள்ளேயே வெப்பமும் வியர்வையும் இருக்கும். அது வெளியே போகணும். அதே கோட் இன்னொரு விதி சொல்லுது: நம்ம மாதிரி ஈரப்பதப் பகுதியில் திறக்கக்கூடிய ஜன்னல், வென்டிலேட்டர், பால்கனிக் கதவு எல்லாம் சேர்ந்து கார்பெட் ஏரியாவில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்காவது இருக்கணும்.

நம்ம மாதிரி டவரில் மொத்தத் தளப்பரப்பு 9,000 சதுர மீட்டர். கார்பெட் ஏரியா 65 சதவீதம் என்று வைத்தால் 5,850. ஆறில் ஒரு பங்கு 975. நாம வைத்த ஜன்னல் 720 தான். அதுவும் ஸ்லைடிங் ஜன்னல் என்றால் எப்பவும் பாதிதான் திறக்கும், 360. பாதி கூட வரல!

கதவு மாதிரி வெளியே திறக்கும் ஜன்னல் ஏறக்குறைய 90 சதவீதம் திறக்கும். அப்பவும் 975-க்கு 1,083 சதுர மீட்டர் ஜன்னல் வேணும். சரி, கண்ணாடியைக் கூட்டுவோம். வடக்கு–தெற்கு, சன்ஷேட் உண்டு, செங்கல் சுவர். கணக்குப் போட்டால் ஆர்.இ.டி.வி. 16.2. காற்றுக்காக ஜன்னலைப் பெரிசாக்கினதும் வெப்பத்தில் ஃபெயில் ஆயிட்டோம். சுவரை ஏ.ஏ.சி.க்கு மாற்றினால் 11.8, பாஸ். டிசைன் என்பது இந்த இழுபறிதான். ஒரு விதியை மட்டும் பார்த்தால் இன்னொன்று உதைக்கும்.

இன்னொரு வழியும் உண்டு: காற்று வரும் திறப்புக்கு எதுக்குக் கண்ணாடி?

இதைச் செய்துகாட்டிய கட்டடம் புதுச்சேரியில் இருக்கு. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1930-களில் வரையப்பட்டு 1940-களில் முடிந்தது. ஐதராபாத் நிஜாம் அரசிடமிருந்து வந்த நன்கொடையால்தான் அந்தப் பெயர். அதுவும் ஒரு தங்கும் விடுதிதான் என்பது நமக்கு ரொம்ப வசதி. வடக்கு, தெற்கு முகங்கள் முழுக்கக் கண்ணாடி இல்லாமல், திருப்பி வைக்கக்கூடிய கிடைமட்ட லூவர்கள். காரிடார் அறைகளுக்கு ஒரே பக்கம்தான். அறைக்கும் காரிடாருக்கும் நடுவே காற்று புகும் தேக்குச் சட்டக் கதவு. ஒரு முகத்தில் நுழைந்த காற்று அறையைக் கடந்து மறு முகத்தில் வெளியேறும். கதவைச் சாத்தினாலும் காற்று நிற்காது.

நாம வழக்கமாக வரையும் ஹாஸ்டல் பிளானில் நடுவில் காரிடார், இரண்டு பக்கமும் அறை. இடம் மிச்சம்தான். ஆனா காற்று உள்ளே வந்தா வெளியே போக வழி கிடையாது. வாலாஜாபாத் கடலிலிருந்து நேர்க்கோட்டில் 45 கி.மீ.க்கு மேல் உள்ளே இருக்கு. கடற்காற்று சென்னைக்கு வந்து சேரும் நேரத்தில் இங்கே வராது. வருகிற கொஞ்சக் காற்றையும் நடுக் காரிடார் தடுத்தால் பிறகு ஏ.சி. ஒன்றுதான் வழி.

7. கோட் கேட்காத கேள்வி

ஆர்.இ.டி.வி. ஒரு சராசரி. எவ்வளவு வெப்பம் வருது என்று சொல்லும். எப்போ வருது என்று சொல்லாது. ஆனா ஷிப்ட் ஊரில் 'எப்போ' என்பதில்தான் எல்லாம் இருக்கு.

வெயில் சுவரில் பட்டதும் உள்ளே வந்துவிடாது. 9 இன்ச் செங்கல் சுவரைக் கடக்க ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரம். 150 மி.மீ. கான்கிரீட்டைக் கடக்கச் சுமார் 4 மணி நேரம். இதை வைத்து ஒரு டைம்டேபிள் போடலாம்.

கிழக்குச் சுவரில் காலை 8, 9 மணிக்கு வெயில் உச்சம். கான்கிரீட் சுவர் என்றால் பகல் 12, 1 மணிக்கு உள்பக்கம் கொதிக்கும். இரவு 10 மணிக்கு வேலைக்குப் போய் காலை 6 மணிக்கு முடித்து, சாப்பிட்டுவிட்டு 8 மணிக்குப் படுத்தவருக்கு அது நடுத் தூக்கம். நமக்கு நள்ளிரவு 2 மணி மாதிரி.

மேற்குச் சுவரில் மாலை 4 மணிக்கு உச்சம். செங்கல் என்றால் இரவு 10 முதல் 12-க்குள் உள்ளே வந்து சேரும். காலை ஷிப்ட்டுக்கு 4 மணிக்கு எழுந்திருக்கணும்னு சீக்கிரம் படுத்தவருக்கு அதுதான் படுக்கும் நேரம்.

அப்போ கிழக்கு அறையைப் பகல் வேலை செய்யறவங்களுக்கும் மேற்கு அறையை இரவு வேலை செய்யறவங்களுக்கும் கொடுத்தா சரியாப் போச்சே என்று தோணும். நிறைய கம்பெனிகளில் ஷிப்ட் வாரா வாரம் மாறும். வாரா வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை மாற முடியாது. அதனால் ஒவ்வொரு அறையும் இரவிலும் பகலிலும் தூங்க லாயக்காக இருக்கணும். 14.8 வாங்கி மயிரிழையில் பாஸ் ஆன கிழக்கு–மேற்கு டவர் இங்கேதான் மாட்டும். எந்த வாரமாக இருந்தாலும் அதில் ஒரு பக்கத்து ஆள் வெயிலோடு படுப்பார்.

பகல் தூக்கத்துக்கு மூன்று விஷயம் ஒரே நேரத்தில் வேணும்: இருட்டு, காற்று, அமைதி. நம்ம சாதாரண ஜன்னல் இதில் ஒன்றைத்தான் தரும். கர்ட்டனை இழுத்தா இருட்டாகும், காற்று நின்னுடும். ஜன்னலைத் திறந்தா காற்று வரும், வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து வரும். லூவர் இந்த இடத்தில்தான் ஜெயிக்குது. கீழ்நோக்கிச் சாய்த்தால் வெளிச்சம் பெரும்பாலும் தடைபட்டு காற்று மட்டும் வரும்.

தூக்கம் கெட்டால் என்ன, அடுத்த நாள் தூங்கிக்கலாம் என்று நாம சொல்லலாம். பிரஸ் மெஷின் முன்னாடி நிற்கிறவர் அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த ஷிப்ட்டில் அவர் கை எங்கே இருக்கும் என்பது அவர் எப்படித் தூங்கினார் என்பதையும் பொறுத்தது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சாதாரண அபார்ட்மென்ட்டில் சோலார் உச்சத்தில் இருக்கும் பகல் 12 மணிக்கு வீடு காலி, தேவை குறைவு. ஷிப்ட் டவரில் அந்த நேரத்திலும் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் ஃபேன் போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பேனலில் வரும் மின்சாரம் கிரிட்டுக்குப் போகாமல் அங்கேயே செலவாகும்.

8. கீழே கடை, மேலே தூக்கம்

இப்போ மிக்ஸ்டு-யூஸ் பகுதி. கீழ்த்தளத்தில் மளிகை, மெடிக்கல், மெஸ், மொபைல் ரீசார்ஜ், தையல். முதல் தளத்தில் கிளினிக், குழந்தைகள் காப்பகம், நூலகம். இவை கட்டடத்துக்குள்ளேயே இருந்தால் ஆட்டோ, பைக் அலைச்சல் மிச்சம். மின்சாரத்திலும் லாபம் உண்டு. உதாரணத்துக்கு, குடியிருப்பின் உச்சத் தேவை இரவு 9 மணிக்கு 200 கிலோவாட், கடைகளின் உச்சம் மாலை 6 மணிக்கு 120 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகக் கட்டினால் 320 கிலோவாட்டுக்கு ஏற்பாடு. ஒன்றாக இருந்தால், இரவு 9-க்குக் கடைகள் 60-க்கு இறங்கியிருக்கும், மாலை 6-க்குக் குடியிருப்பு 130-ல் இருக்கும். மொத்த உச்சம் 260 தான். டிரான்ஸ்ஃபார்மரும் ஜெனரேட்டரும் சின்னதாகும்.

ஆனா கடைக்கு உச்ச நேரமான பகலில் மேலே ஆட்கள் தூங்குகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சில எளிய ஏற்பாடுகள்:

- கடைகள் சாலைப் பக்கம். லோடு இறக்கும் இடம் கிழக்கு அல்லது மேற்கு ஓரத்தில், ஜன்னல் இல்லாத சுவருக்குக் கீழே.
- முதல் தளம் முழுக்கப் பொது வசதிகள். கடைச் சத்தத்துக்கும் படுக்கை அறைக்கும் நடுவே ஒரு தளம் இடைவெளி கிடைக்கும்.
- மெஸ் கிச்சன் டவருக்கு அடியில் வேண்டாம். அடுப்புச் சூடும் எக்ஸாஸ்ட் சத்தமும் நேரே மேலே போகும். தனிக் கட்டடமாகப் பக்கத்தில் வைத்தால் அதன் கூரையிலும் பேனல் வைக்கலாம். மொட்டைமாடி பத்தாது என்று கணக்குப் போட்டோமே, அதுக்கு இது உதவும்.
- ஒரே ஷிப்ட் ஆட்களை ஒரே மாடியில் சேர்த்துக் கொடுப்பது. இதுக்குக் கட்டடச் செலவே இல்லை. குழுவோடு ஷிப்ட் மாறும்போது மாடியே சேர்ந்து மாறும். ஒருத்தர் அலாரத்தில் ஐந்து பேர் விழிக்க மாட்டாங்க. காரிடார் லைட், வெந்நீர், லிஃப்ட் எல்லாத்தையும் அந்த மாடியின் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசிப் பாயின்ட் வார்டன் எடுக்கும் முடிவுதானே, இன்ஜினியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மாடிக்கு மாடி தனி மீட்டர், தனி சுவிட்ச், மாடி முழுக்க ஒரு குழு அடங்கும் அளவு இருந்தால்தான் வார்டனால் அப்படிச் செய்ய முடியும். அது பிளான் வரையும்போதே முடிவாகும் விஷயம்.

9. செய்து பாருங்க

படித்தது மறந்துடும், அளந்தது மறக்காது. இந்த வாரம் உங்க ஹாஸ்டல் அறையிலோ வீட்டிலோ நாலு வேலை செய்யுங்க.

1. போன் காம்பஸை வைத்து ஜன்னல் எந்தத் திசை என்று குறிங்க. மேலே உள்ள திசை எண்ணைப் பக்கத்தில் எழுதுங்க.
2. டேப் எடுத்து அறையின் தரைப்பரப்பையும் ஜன்னலில் உண்மையிலேயே திறக்கும் பரப்பையும் அளங்க. ஸ்லைடிங் என்றால் பாதி. ஆறில் ஒரு பங்கு வருதா?
3. சன்ஷேட் நீளத்தை அளந்து, ஜன்னல் உயரத்தோடு ஒப்பிட்டு, எந்த மணிக்கு வெயில் உள்ளே விழுது என்று ஒரு நாள் கவனிங்க.
4. சுவரின் உள்பக்கத்தைக் காலை 8, மதியம் 1, மாலை 6, இரவு 11 மணிக்கு உள்ளங்கையால் தொட்டுப் பாருங்க. எந்த மணிக்குச் சூடு அதிகம்? தெர்மாமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

நாலு பதிலையும் ஒரு பக்கத்தில் எழுதினால் உங்க அறை யாருக்காக, எந்த நேரத் தூக்கத்துக்காகக் கட்டப்பட்டது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் யாரையும் நினைத்துக் கட்டியிருக்க மாட்டாங்க.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டவர் எடுக்கும் ஜூனியர்ஸ், பிளாட் ஏரியா எழுதும் முதல் பக்கத்திலேயே ஒரு சின்ன டேபிள் சேருங்க: தங்கப் போறவங்க யார், எத்தனை ஷிப்ட், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை தூக்கம். ஸ்டக்சரல் டிசைனுக்கு லோடு எப்படியோ, இந்தக் காரிடாரில் கட்டும் குடியிருப்புக்கு அந்த டேபிள் அப்படி. நாம படிச்சு முடிச்சதும் நம்மில் பாதிப் பேர் ஏறப் போறதும் இதே கம்பெனி பஸ்தான். இன்னைக்கு வரையற அறையில் நாளைக்கு நம்ம கிளாஸ்மேட் யாராவது பகல் 12 மணிக்குக் கண்ணை மூடிப் படுத்திருப்பாங்க.